வீட்டு பீர் செட்டப்பில் கோளாறா? அறிகுறியை வைத்து ஆளைப் பிடிப்போம்

சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது, விற்கக் கூடாது, சாராயம் வடிக்கவே கூடாது. என் பானை ஒரு தடவைக்கு 20 லிட்டர் தரும். ஆக மாதத்துக்கு ஓர் ஈடுதான். இட்லி ஈடு சரியாக வரவில்லை என்றால் அடுத்ததைப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். இங்கே ஓர் ஈடு கெட்டால் அடுத்த மாதம் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கோளாறு கண்டுபிடிக்கும் வேலையை நான் கொஞ்சம் தீவிரமாக எடுத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

(தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். படித்து வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்ச வேண்டாம்.)

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். 35 லிட்டர் எவர்சில்வர் பானை, அதன் அடிப்பக்கத்தில் 3 கிலோவாட் எலிமென்ட், மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறவைக்க ஒரு பெரிய வலைத்துணிப் பை, கொதித்ததை ஆறவைக்கும் சுருள் குழாய் சில்லர், பீர் நொதிக்கும் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர், அதன் மூடியில் வாயு வெளியேறத் தண்ணீர் நிரப்பிய அடைப்பான் (ஏர்லாக்), வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிய பழைய ஃப்ரிட்ஜ், முடிந்த பீரை வாயு ஏற்றி அடைத்து வைக்கும் 19 லிட்டர் உலோகக் கெக் இரண்டு. மால்ட்டை ஊறவைத்து எடுக்கும் இனிப்புத் தண்ணீருக்கு ‘ஊறல்’ என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் ஊறல் என்றாலே போலீஸ்காரர்கள் பானையை உடைக்கும் பேப்பர் செய்திதான் கண்ணில் வருகிறது. அதனால் வொர்ட் என்றே சொல்கிறேன்.

பீர் சுவை கெட்டால் எல்லோரும் முதலில் ரெசிப்பியை மாற்றுகிறார்கள், இல்லாவிட்டால் ஈஸ்ட்டைத் திட்டுகிறார்கள். நானும் அதையே செய்தேன். என் முதல் ஏழெட்டு ஈடுகளில் கெட்டுப்போனவற்றை இப்போது திரும்பிப் பார்த்தால் குற்றவாளி ஒரு வாஷர், ஒரு வால்வு, ஒரு தெர்மாமீட்டர் என்று வரிசையாக நிற்கின்றன. ரெசிப்பி ஒரு தடவைகூட மாட்டவில்லை. அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு வேலை: தெர்மாமீட்டரை ஐஸ் கரைசலில் வைத்துப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள், கடல் மட்டத்தில் இருக்கும் இந்த ஊரில் 100 காட்ட வேண்டும். ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி அளக்கும் மிதவை) 20 டிகிரி சுத்தத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், 1.000 காட்ட வேண்டும். அளக்கும் கருவியே பொய் சொன்னால் மற்ற எதைச் சோதித்தும் பயன் இல்லை.

சுவிட்ச் போட்டால் வீடே இருட்டாகிறது

மின்பெட்டியைத் திறந்து எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு வட்டத்துக்கான சின்ன பிரேக்கர் மட்டும் விழுந்திருந்தால் சுமை அதிகம்: அதே வரியில் கெட்டிலோ ஏர்ஃப்ரையரோ ஓடுகிறது. மொத்த வீட்டுக்குமான ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தால் மின்சாரம் பூமிக்குக் கசிகிறது. அது 30 மில்லி ஆம்பியருக்கே விழும். உயிரைக் காப்பாற்றத்தான் விழுகிறது. அதைச் சுற்றி வளைத்து வேலை செய்யும் யோசனையோ எர்த் வயரைக் கழற்றும் யோசனையோ மனதில் வந்தால் அன்றைக்குக் காய்ச்ச வேண்டாம்.

எப்போது விழுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. போட்டவுடனே விழுந்தால் எலிமென்ட்டின் உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். கம்பிச் சுருளுக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும். மாதக் கணக்கில் சும்மா கிடந்த எலிமென்ட்டில் இது சகஜம். பிளக்கைப் பிடுங்கி, எலிமென்ட்டைக் கழற்றி, குறைந்த சூட்டு அவனில் சில மணி நேரம் காயவைத்தால் சில சமயம் பிழைக்கும். பிழைக்காவிட்டால் புதுசு வாங்குங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கொதி வந்த பிறகு விழுகிறதா? என் வீட்டில் அப்படித்தான். மூன்று வாரம் எலிமென்ட்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், பொங்கி வழிந்த வொர்ட் பானையின் வெளிப்புறமாக ஓடி நேராக இணைப்புப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. வயர் பெட்டிக்கு வருவதற்கு முன்னால் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி விட்டேன். வயர் வழியாக வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். பெட்டிக்கு மேலே பானையில் ஒரு சிலிக்கோன் பட்டை கட்டினேன். அதற்கப்புறம் இருட்டு இல்லை.

பிளக் சூடாகிறது என்றால் அது தனிக் கதை. 3,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர், இங்கே உள்ள பிளக்கின் உச்ச வரம்பு. அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறோம். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது, அதுவும் சுருட்டி வைத்த வயர் உருகிவிடும். சாக்கெட் தளர்ந்திருந்தால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கொதியே வர மாட்டேன் என்கிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7,300 கிலோஜூல் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட்டுக்கு அது 40 நிமிட வேலை. 1.5 கிலோவாட் என்றால் 80 நிமிடம், அதுவும் வெப்பம் எங்கேயும் வீணாகாமல் இருந்தால். உண்மையில் அந்தச் சின்ன எலிமென்ட்டும் பானைச் சுவரும் 97, 98 டிகிரியில் சமாதானமாகி அங்கேயே நின்றுவிடும். பானையைச் சுற்றி வெப்பக் காப்பு சுற்றுங்கள், சூடேறும் வரை மூடி போடுங்கள். கொதி வந்த பிறகு மூடியை எடுத்துவிட வேண்டும். ஏன் என்று சில்லர் பகுதியில் வரும்.

முன்பெல்லாம் 40 நிமிடத்தில் கொதித்தது, இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் எலிமென்ட் மேல் படிவு ஏறியிருக்கிறது. பீரில் கருகிய வாடை வருவதும் அதனால்தான். மாவு அடியில் இறங்கி எலிமென்ட்டில் ஒட்டிக் கருகுகிறது. ஒவ்வொரு ஈடுக்கும் பிறகு சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துடையுங்கள். சூடேறும் நேரத்தில் அவ்வப்போது அடியைக் கிளறிவிடுங்கள். பாயசம் கிண்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வால்வு அடியில் சொட்டுகிறது

இறுக்கினால் நிற்கும் என்று இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் ஓ-ரிங்கை நசுக்கிவிடுகிறார்கள். முதலில் மரையைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் சாமான்களில் என்பிடி மரை, இங்கே ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பிஎஸ்பி மரை. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்று மற்றொன்றில் இரண்டு மூன்று சுற்று சமத்தாக ஏறும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றொன்றில் 55. எத்தனை சுற்று தெஃப்லான் டேப் போட்டாலும் சூட்டில் கசியும். ஜோடி பொருந்தாத கல்யாணம், பிரித்துவிடுவதே நல்லது. வால்வு, நிப்பிள், நட் மூன்றையும் ஒரே கடையில் ஒரே வகையில் வாங்குங்கள்.

மரை சரியாக இருந்தும் கசிந்தால் ஓ-ரிங் சாதாரண ரப்பராக இருக்கும். சூடு தாங்கும் சிலிக்கோன் போடுங்கள். பானைத் துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

சர்க்கரை அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு

5 கிலோ பேல் மால்ட், 20 லிட்டர் வொர்ட். மால்ட்டில் இருப்பது முழுதும் இறங்கினால் அடர்த்தி 1.075 வரை போக வேண்டும். வீட்டில் 70 சதவீதம் இறங்கினாலே நல்ல வேலை, அதாவது 1.052. உங்களுக்கு 1.040 வருகிறது என்றால் 55 சதவீதத்துக்கும் கீழே. எங்கேயோ ஓட்டை.

முதலில் அளவு நிஜமா என்று பாருங்கள். ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்குச் செய்யப்பட்டது. 30 டிகிரி வொர்ட்டில் சுமார் 3 புள்ளி, அதாவது 0.003 குறைத்துக் காட்டும். 60 டிகிரியில் வைத்துவிட்டு அழுதால் 15 புள்ளிக்கு மேல் கணக்கில் காணாமல் போயிருக்கும். அடுத்தது, பானையில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறது? ஒரு கரண்டிக் காம்பில் லிட்டர் லிட்டராக ஊற்றிக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 23 லிட்டர் இருந்தால் சர்க்கரை குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டும் சரி என்றால் அரைப்புதான். கடையில் அரைத்துத் தரச் சொன்னால் எல்லோருக்கும் பொதுவான இடைவெளியில் அரைத்துத் தருவார்கள். மில் உருளைகளுக்கு நடுவே 1.2 மி.மீ இருந்தால் பல மணிகள் முழுசாகவே தப்பித்துவிடும். ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள், உடையாத மணி கண்ணில் பட்டால் இடைவெளியைக் குறையுங்கள். துணிப் பை முறையில் காய்ச்சுகிறவர்களுக்கு ஏடிஎம் கார்டின் தடிமன், அதாவது முக்கால் மி.மீ வரை இறங்கலாம். குருணை பதம் வேண்டும், மாவாகிவிடக் கூடாது. மிக்ஸியில் போடாதீர்கள். நான் போட்டேன். பையைத் தூக்க முடியாமல் களி கிண்டியது போல் ஆகிவிட்டது.

அதுவும் சரி என்றால் ஊறும் சூடு. 64-லிருந்து 68 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். பானையில் எங்கே அளக்கிறீர்கள்? எலிமென்ட் பக்கத்தில் 67 இருக்கும்போது நடுவில் 61 இருக்கலாம். நன்றாகக் கலக்கிவிட்டு நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். ஸ்டார்ச் எல்லாம் சர்க்கரை ஆகிவிட்டதா என்ற சந்தேகத்துக்கு, வெள்ளைத் தட்டில் ஒரு துளி வொர்ட், பக்கத்தில் ஒரு துளி அயோடின். கலந்ததும் கருநீலமானால் இன்னும் ஸ்டார்ச் மிச்சம். அந்தத் துளியைக் கொட்டிவிடுங்கள், பானையில் சேர்க்காதீர்கள்.

மேஷ் (ஊறிய மால்ட் கூழ்) அடைத்துக்கொண்டு இறங்கவில்லை

பை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, பிழிந்துவிடலாம். சல்லடைத் தட்டு வைத்திருப்பவர்கள் வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் மெல்லத் திறக்க வேண்டும். கோதுமை, ஓட்ஸ் அதிகம் போடும் ரெசிப்பி என்றால் கால் கிலோ உமி சேருங்கள். அதே நெல் உமிதான், வெளிநாட்டுக் கடைகளில் அழகாகப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நம் தாத்தாக்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

வொர்ட் ஆறவே இல்லை

மேலை நாட்டு வழிமுறைகளைப் படித்துவிட்டு செட்டப் போடுகிறவர்கள் வெப்பமண்டலத்தில் தவறாமல் மாட்டும் இடம் இது. “சில்லரைப் போட்டேன், 20 நிமிடத்தில் 20 டிகிரி” என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். அவர்கள் குழாயில் வருவது 10, 12 டிகிரித் தண்ணீர். என் வீட்டுக் குழாயில் வருவது 28, 29. சில்லர் எவ்வளவு நீளமானாலும் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே வொர்ட் இறங்காது. 35 டிகிரி வரை விறுவிறுவென்று வரும், அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே நின்றால் தண்ணீர் பில்தான் ஏறும்.

பக்கத்து பிளாக்கில் ஓர் அண்ணன் சில்லரைப் பதினைந்து மீட்டருக்கு நீட்டினார். “அண்ணே, இன்னும் பத்து மீட்டர் சேர்த்தாலும் 29-தான் அண்ணே” என்றேன். நம்பவில்லை. சேர்த்தும் பார்த்தார்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கொதியிலிருந்து 40 டிகிரி வரை குழாய்த் தண்ணீர். அந்தச் சூடான தண்ணீரை வாளியில் பிடித்தால் பாத்திரம் கழுவ ஆகும். அதற்குப் பிறகு குழாயை மூடிவிட்டு, மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன பம்ப்பை ஐஸ் வாளிக்குள் போட்டு அந்தத் தண்ணீரையே சுற்றவிடுங்கள். 20 லிட்டரை 40-லிருந்து 20-க்குக் கொண்டுவரக் கணக்குப்படி 4 கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் போதும். வீணாவதையும் சேர்த்து 6 கிலோ வாங்கி வையுங்கள். ஐஸை முதலிலேயே போட்டுவிட்டால் கொதிக்கும் வொர்ட் அதை ஐந்து நிமிடத்தில் தின்றுவிடும். பானைக்குள் வொர்ட்டை மெல்லக் கலக்கிக்கொண்டிருந்தால் நேரம் பாதியாகக் குறையும், சில்லரை ஒட்டிய வொர்ட் மட்டும் குளிர்ந்து சும்மா நிற்காது.

ஐஸ் தூக்க முடியாது என்றால் ஆஸ்திரேலியாவில் பலர் செய்வது போல, கொதிக்கக் கொதிக்க வொர்ட்டை சூடு தாங்கும் எச்டிபிஇ பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, மறுநாள் வரை விட்டுவிடலாம். கேனின் உட்புறத்தை அந்தச் சூடே சுத்தப்படுத்திவிடும். இதில் ஒரு சங்கடம் உண்டு. வெளிறிய பில்ஸ்னர் மால்ட்டில் டிஎம்எஸ் என்ற கந்தகப் பொருளின் மூலம் நிறைய இருக்கும். சூடாக இருக்கும் வரை அது டிஎம்எஸ்ஸாக மாறிக்கொண்டே இருக்கும், திறந்த பானையில் ஆவியோடு போய்விடும். மூடிய கேனில் எங்கே போகும்? பீரில் வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், மூடி போட்டுக் கொதிக்கவிட்டதாகவும் இருக்கலாம். பில்ஸ்னர் மால்ட் என்றால் மூடியில்லாமல் 90 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

ஏர்லாக்கில் குமிழியே இல்லை

ஈஸ்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டி இன்னொரு பாக்கெட் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் ஃபெர்மென்டரின் மூடி காற்றுப் புகாமல் மூடுவது அபூர்வம். வாயு ரப்பர் வளையத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும், ஏர்லாக் சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கும். மேலே நுரை இருக்கிறதா, பக்கவாட்டில் பழுப்பு வளையம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை நடக்கிறது. ஹைட்ரோமீட்டர்தான் கடைசி சாட்சி.

இதன் மறுபக்கம்: “அடர்த்தி மேலும் இறங்காமல் 1.025-லேயே நின்றுவிட்டது” என்ற புகார். எதை வைத்து அளந்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) ஆல்கஹால் வந்த பிறகு உயர்த்திக் காட்டும். 1.050-இல் ஆரம்பித்து ஒழுங்காக 1.010-க்கு இறங்கிய பீரையும் அது 1.025 போலக் காட்டும். திருத்தக் கணக்கு இருக்கிறது, ஆனால் ஹைட்ரோமீட்டர் வைத்துக்கொண்டு எதற்கு அந்த வம்பு?

நெயில் பாலிஷ் வாசனை, குடித்தால் தலைவலி

ஈஸ்ட் சூட்டில் வேலை செய்திருக்கிறது. “ஃப்ரிட்ஜ் 19 டிகிரியில் இருக்கிறதே” என்பீர்கள். ஃப்ரிட்ஜில் உள்ள காற்று 19. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது பீர் சுற்றுக் காற்றைவிட 3 முதல் 5 டிகிரி சூடாக இருக்கும். சென்சார் காற்றில் தொங்கினால் அது காற்றின் சூட்டைத்தான் சொல்லும். ஃபெர்மென்டரின் சுவரில், திரவ மட்டத்துக்குக் கீழே சென்சாரை ஒட்டி, மேலே தடித்த ஸ்பாஞ்ச் வைத்து டேப் போடுங்கள். இதைச் செய்த நாளில் என் பீர் மாறியது. அதுவரை வாங்கிய விலை உயர்ந்த ஈஸ்ட் எல்லாம் வீண்.

கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஒரு முறை ஓடி ஓடி நிற்கிறதா? கட்டுப்பாட்டுக் கருவியில் கம்ப்ரசர் தாமதத்தை 3 நிமிடத்துக்குக் குறையாமலும், எத்தனை டிகிரி மாறினால் கம்ப்ரசர் ஓட வேண்டும் என்ற வித்தியாச அளவை அரை டிகிரிக்குக் குறையாமலும் வையுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் சீக்கிரம் போய்ச் சேரும்.

ஃப்ரிட்ஜ் வைக்க இடமே இல்லாத சின்ன வீடா? நார்வேயின் வாஸ் வட்டாரத்துப் பண்ணை வீடுகளிலிருந்து வந்த க்வைக் ஈஸ்ட் 35, 40 டிகிரியில்தான் உற்சாகமாக வேலை செய்யும். பனி நாட்டு ஈஸ்ட் சிங்கப்பூர் சமையலறைக்குப் பொருத்தமாக அமைந்தது விநோதம்தான். அதைப் போட்டால் ஐஸ் வேலையும் மிச்சம், 35-லேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பிளாஸ்டர், டெட்டால் போன்ற வாசனை

குழாய் நீரில் உள்ள குளோரமினும் மால்ட்டின் ஃபீனால்களும் சேர்ந்தால் இந்த வாசனை வரும். மிகச் சிறிய அளவே போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். குளோரின் என்றால் கொதிக்கவைத்தோ இரவெல்லாம் திறந்து வைத்தோ ஓட்டிவிடலாம். குளோரமின் அவ்வளவு சீக்கிரம் போகாது. பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை 30 லிட்டருக்கு அரை மாத்திரை தாராளம். பொடித்துப் போட்டுக் கலக்கிய சில நிமிடத்தில் முறிந்துவிடும்.

தண்ணீரைச் சரி செய்தும் வாசனை போகவில்லை என்றால் பிளீச் போட்டுக் கழுவியிருப்பீர்கள். பிளீச் வேண்டாம். எவர்சில்வரிலும் குழி விழவைக்கும். தோட்டத்துக்கு வாங்கும் பச்சைக் குழாயை வொர்ட்டுக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே போன்ற வாசனை வரும். உணவுத் தர சிலிக்கோன் குழாய் வாங்குங்கள்.

ஒவ்வொரு ஈடும் புளிக்கிறது

ஒரு முறை புளித்தால் துரதிர்ஷ்டம், மூன்று முறை புளித்தால் ஏதோ ஒரு சாமானுக்குள் குடித்தனம் நடக்கிறது. ஃபெர்மென்டரின் குழாயைக் கழற்றி, அதையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பல பிளாஸ்டிக் குழாய்கள் வெந்நீரில் போட்டு அழுத்தினால் உள் உருளை வெளியே வந்துவிடும். உள்ளே பழுப்பாக வழவழவென்று இருக்கும். என்னுடையதில் இருந்ததை விவரிக்க விரும்பவில்லை. உலோக பால் வால்விலும் இதே கதைதான். பந்துக்குப் பின்னால் வொர்ட் தேங்கும். மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய வால்வு கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் கழற்றிக் கழுவலாம்.

ஸ்டார் சான் போன்ற அமிலக் கிருமிநீக்கி லிட்டருக்கு ஒன்றரை மில்லி போதும், இரண்டு நிமிடம் நனைந்திருக்க வேண்டும். ஆனால் அழுக்கின் மேல் அது வேலை செய்யாது. முதலில் கழுவு, அப்புறம் கிருமி நீக்கு. ஃபெர்மென்டரை நார் போட்டுத் தேய்த்தவர்கள் அதைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொண்டு புதுசு வாங்கிவிடலாம். அந்தக் கீறல்களுக்குள் ஸ்டார் சான் போகாது.

நம் வீடுகளுக்கு என்று ஒரு கூடுதல் எச்சரிக்கை. இட்லி மாவைப் புளிக்க வைப்பவையும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான். மால்ட் தூசியிலும் அதே கூட்டம் இருக்கிறது. மாவு ஆட்டுகிற நாளில், மாவு பொங்கி நிற்கிற மேடையில் ஃபெர்மென்டரைத் திறக்காதீர்கள். மால்ட் அரைப்பதையும் வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீருக்கு வாயு ஏற்றும் கரியமில வாயு சிலிண்டர் ஒரே வாரத்தில் காலி

சோப்புத் தண்ணீரைத் தெளித்து ரெகுலேட்டர் வாஷர், குழாய் இணைப்பு, கெக்கின் இரண்டு முனைகள், மூடி என்று வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் மூடிதான். ஓ-ரிங்குக்கு உணவுத் தர கிரீஸ் தடவி, மூடியை மேலே இழுத்துப் பிடித்தபடி 30 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்தால் உட்கார்ந்துவிடும். பிறகு குறைத்துக்கொள்ளலாம். வாயு இணைப்பையும் பீர் இணைப்பையும் மாற்றி மாட்டினால் ஏறும், இறங்காது. வாயு முனையின் அடியில் வெட்டுக் குறிகள் இருக்கும், பார்த்து மாட்டுங்கள்.

சிலிண்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் கேட்டுவிடுகிறேன். எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் சாமான் அடைக்க இடம், போர்க்காலத்தில் ஒளிய வீட்டுக்குள்ளேயே கட்டிய பாம் ஷெல்டர்தான். அந்தக் கனத்த இரும்புக் கதவுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். இரண்டேகால் கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் 1,200 லிட்டருக்கு மேல் கரியமில வாயு. மூன்று சதுர மீட்டர் அறையில் அது காற்றில் ஆறில் ஒரு பங்கு. பத்து சதவீதமே ஆளை மயக்கிவிடும். வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. சிலிண்டர் ஜன்னல் பக்கம் இருக்கட்டும்.

கிளாஸ் நிறைய நுரை

முதல் கிளாஸ் மட்டும் நுரை, இரண்டாவது சரி என்றால் பீர்க் குழாயும் டேப்பும் (பீரைத் திறந்து ஊற்றும் திருகு) சூடாக இருக்கின்றன. ஃப்ரிட்ஜுக்கு வெளியே டேப் வைத்தவர்களுக்கு இந்த வெயிலில் இது தப்பாது. உள்ளிருந்து ஒரு சின்ன ஃபேன் குளிர்ந்த காற்றை டேப் பக்கம் ஊதும்படி வைத்தால் போதும்.

எல்லா கிளாஸும் நுரை என்றால் பீர்க் குழாயின் நீளம் போதவில்லை. 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு 5 மி.மீ உள்விட்டக் குழாய் 3 மீட்டராவது வேண்டும். அழகாக இருக்கிறது என்று ஒரு மீட்டரில் வெட்டிவிடுகிறார்கள். நுரை வருகிறதே என்று அழுத்தத்தைக் குறைத்தால் ஓரிரு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பீரிலிருந்து வாயு வெளியேறி இன்னும் நுரைக்கும். டேப்பைப் பயந்து பயந்து பாதி திறப்பதும் நுரைக்கும். முழுசாக ஒரே இழுப்பில் திறங்கள்.

அவசரப்பட்டு 30 பிஎஸ்ஐ-யில் வைத்து மறந்துபோனவர்கள் வாயுவைத் துண்டித்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அவ்வப்போது மூடியிலுள்ள வால்வை இழுத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

பாட்டிலில் கேஸ் இல்லை, அல்லது வெடிக்கிறது

சர்க்கரையை ஸ்பூனால் அளக்காமல் எடை போடுங்கள்: லிட்டருக்கு 6 முதல் 6.5 கிராம், 20 லிட்டருக்கு 120 முதல் 130. தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, காலிப் பாத்திரத்தில் முதலில் ஊற்றி, அதன் மேல் பீரை இறக்குங்கள். ஒரு பாட்டில் சப்பென்றும் அடுத்தது எரிமலையாகவும் இருந்தால் கலக்கவில்லை என்று பொருள். எல்லாமே எரிமலை என்றால் நொதித்தல் முடிவதற்கு முன்பே அடைத்துவிட்டீர்கள், இல்லாவிட்டால் கிருமி. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்க வேண்டும். சந்தேகமான பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். தொடும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, நிறமும் கருத்துவிட்டது

நொதித்த பீரில் காற்று புகுந்திருக்கிறது. மேலிருந்து சளசளவென்று ஊற்றாமல், குழாயைக் கெக்கின் அடிவரை விட்டு இறக்குகிறீர்களா? அதையும் செய்கிறேன் என்பவர்கள் ஏர்லாக்கைப் பாருங்கள். 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குக் குளிரவைக்கும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கும், கொஞ்சம் பீரிலேயே கரையும், ஃபெர்மென்டர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஏர்லாக் தண்ணீரும் கூடவே போகும். காலையில் பார்த்தால் ஏர்லாக் காலி, “ஆவியாகிவிட்டது” என்று நினைத்து நான் திரும்ப நிரப்பியிருக்கிறேன், இரண்டு தடவை. இப்போது குளிரவைக்கும் முன் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, நொதிக்கும்போது வந்த வாயுவைப் பிடித்து வைத்த ஒரு பையை அந்தத் துளையில் மாட்டிவிடுகிறேன். அது சுருங்கட்டும்.